மரக்காலும் தூக்குநூலும்: ஆமோஸின் நியாயத்தீர்ப்பை எப்படி வாசிப்பது

நியாயத்தீர்ப்புத் தீர்க்கதரிசனம் என்று சொன்னதும் வெளிப்படுத்தின விசேஷத்தின் எக்காளம், மிருகம், 666, திரைபோட்டு வரைபடம் காட்டும் கன்வென்ஷன் மேடை என்றுதான் பலருக்கும் ஞாபகம் போகிறது. பழைய ஏற்பாட்டில் உள்ள ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 8ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அங்கே இருப்பது ஒரு தானியக் கடை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். திறந்ததும் என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே தீர்க்கதரிசி சொல்லவைக்கிறார்: "மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையை அதிகமாக்கி, கள்ளத்தராசினால் வஞ்சித்து". அடுத்த வசனத்தில் தானியத்தோடு பதரையும் சேர்த்து விற்கிறார்கள். இஸ்ரவேல் என்ற ஒரு ராஜ்யம் அழியப்போவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது முக்கியமான ஒன்று. ஏழு தலை மிருகம் எதுவும் இந்தப் புத்தகத்தில் கிடையாது.

இந்த வசனத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆமோஸ் பேசிய கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அங்கே நாணயம் இல்லை. விலையென்பது வெள்ளித் துண்டுதான். அதை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு கொள்முதலில் இரண்டு அளவை நடக்கிறது. தானியத்தை வியாபாரி அளந்து கொடுக்கிறான், வெள்ளியை வியாபாரியின் கல்லை வைத்து நிறுக்கிறார்கள். தானியத்துக்கு எப்பா என்ற முகத்தலளவை; இதைத்தான் தமிழ் வேதாகமம் மரக்கால் என்கிறது. நம்மூர் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். எப்பா அதைவிடப் பெரியது, ஏறக்குறைய 22 லிட்டர் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். ரூத் என்ற பெண் ஒரு நாள் முழுக்கக் கதிர் பொறுக்கி, தட்டி எடுத்த வாற்கோதுமை ஏறக்குறைய ஒரு மரக்கால் என்று ரூத் 2:17 சொல்வதை நினைத்தால் அளவு பிடிபடும். வெள்ளிக்குச் சேக்கல் என்ற எடையளவின் கல். தெற்கு ராஜ்யமான யூதாவில் தோண்டியெடுத்த சுண்ணாம்புக்கல் நிறைகற்கள், தலை உருண்டு அடி தட்டையாக இருப்பவை, சேக்கலுக்கு 11.3 கிராம் அளவில் வருகின்றன. அவை பெரும்பாலும் ஆமோஸுக்குச் சற்றுப் பிந்தியவை என்றாலும் கணக்குக்குப் போதும்.

ஒரு மரக்கால் கோதுமைக்கு ஒரு சேக்கல் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மரக்காலில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 22 லிட்டர் 19.8 ஆகிறது. கல்லில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 11.3 கிராம் 12.4 ஆகிறது. அந்த 19.8 லிட்டரிலும் பத்தில் ஒன்று பதர் என்றால் வீட்டுக்குப் போகும் மணி 17.8 லிட்டர். மூன்று இடத்திலும் பத்தில் ஒன்றுதான். எதுவும் கண்ணுக்குத் தெரியாது, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று பெருகும்போது, வாங்குகிறவன் ஒரு லிட்டர் மணிக்குக் கொடுக்கும் வெள்ளி நூற்றுக்கு 36 பங்கு கூடிவிடுகிறது. விளைச்சலுக்கும் அடுத்த விளைச்சலுக்கும் இடையில் கடன் வாங்கிச் சாப்பிடும் குடும்பத்துக்கு இந்த 36 போதும். முதலில் நகை, பிறகு நிலம், கடைசியில் பிள்ளை கடனடிமையாகப் போகிறான். "எளியவர்களை ஒரு ஜோடு பாதரட்சைக்கும்" வாங்குவதைப் பற்றி அதே மூச்சில் ஆமோஸ் பேசுவது அதனால்தான். மரக்காலில் ஆரம்பித்தது ஆளை விற்பதில் முடிகிறது.

மரக்காலைக் குறைக்க அதை வெட்ட வேண்டியதில்லை. அடிப்பாகத்தை உள்ளே தடிப்பாக்கினால் வெளியே தெரியாது. அதுவும் வேண்டாம், அளக்கிற கையிலேயே வித்தை இருக்கிறது. மெதுவாகச் சரித்துக் கொட்டினால் மணிகளுக்கு நடுவே காற்று நிற்கும், குலுக்கிக் கொட்டினால் இறங்கும். கொடுக்கும்போது தலைதட்டி அளப்பது, திரும்ப வாங்கும்போது குவித்து அளப்பது என்பது நெல் அளந்த நம் களத்துமேடுகளுக்கும் புதிதில்லை. இயேசு "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து" என்று லூக்கா 6:38இல் சொல்வது இப்படிக் களத்தில் நின்று பார்த்த பேச்சு. அதைக் காணிக்கை நேரத்துக்கு மட்டுமே வாசித்து வாசித்து அளக்கிறவன் கையை நாம் மறந்துவிட்டோம்.

கள்ளத்தராசு வேறு. கோலின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித் துளை போட்டால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. 10 விரற்கடை ஒரு பக்கம், 9.5 மறுபக்கம் என்று வையுங்கள். நீண்ட பக்கத்தில் 11.3 கிராம் கல்லை வைத்தால் குட்டைப் பக்கத்தில் 11.9 கிராம் வெள்ளி போட்டால்தான் சமநிற்கும். வெறுந்தட்டில் நேராக நிற்பதற்காகக் குட்டைப் பக்கத் தட்டைச் சற்றுக் கனமாகச் செய்திருப்பார்கள். ஆகவே காலித் தராசைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கல்லையும் வெள்ளியையும் தட்டு மாற்றி வைத்தால்தான் குட்டு வெளிப்படும். வாங்குகிறவன் "தட்டை மாற்றுங்கள்" என்று கேட்க முடிகிற இடமா அது என்பதே கேள்வி. கேட்டாலும் யாரிடம் முறையிடுவது? ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கும் மூப்பரிடம். அங்கேயும் எளியவன் வழக்குப் புரட்டப்படுகிறது என்று ஆமோஸ் 5:12 சொல்கிறது.

இந்தப் பட்டணத்து வாசலுக்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் அழகான சொல் ஒலிமுகவாசல். அது வெறும் நுழைவாயில் அல்ல. சந்தையும் அதுதான், நீதிமன்றமும் அதுதான். வாசலின் இருபுறமும் கல்திண்ணைகள் இருக்கும். வடக்கே தாண் நகர வாசலைத் தோண்டியபோது அப்படித் திண்ணை கிடைத்திருக்கிறது. கடையும் கோர்ட்டும் ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே ஆட்கள் கையில். "ஒலிமுகவாசலில் நியாயத்தை நிலைப்படுத்துங்கள்" என்று 5:15 கேட்கும்போது பத்து மனிதர் உட்காரும் ஒரு குறிப்பிட்ட திண்ணையைத்தான் ஆமோஸ் சுட்டிக்காட்டுகிறார்.

பேசுகிற ஆள் யார்? தெக்கோவா ஊரான். எருசலேமுக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர், யூதாவின் வனாந்தரம் தொடங்கும் மேட்டு ஓரம். 1:1இல் அவரைக் குறிக்கும் எபிரெயச் சொல் சாதாரண இடையனுக்கு உரியதல்ல. மோவாபின் ராஜா மேசா ஆடு வைத்திருந்ததைச் சொல்லும் 2 இராஜாக்கள் 3:4இலும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே கந்தல் கட்டிய ஏழைத் தீர்க்கதரிசி என்ற படம் அவ்வளவு பொருந்தாது. மந்தைக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கலாம். இன்னொரு வேலையும் உண்டு: காட்டத்திப் பழம். "பொறுக்குகிறவன்" என்று நம் வேதாகமம் சொன்னாலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "கீறுகிறவன்" என்ற பொருளில் சொல்கிறது. காரணம் இருக்கிறது. அந்த மரத்தின் காயைக் கத்தியால் கீறிவிட்டால், காயம்பட்ட இடத்தில் எத்திலீன் வாயு சுரந்து மூன்று நான்கு நாளில் ஊதிப் பழுக்கும். கீறாவிட்டால் பூச்சி பிடித்துப்போகும். இரும்பால் கீறினால் நாலாம் நாள் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோப்பிராஸ்டஸ் எழுதியிருக்கிறார். தெக்கோவா உயரத்தில் அந்த மரம் வளராது, தாழ்வான பகுதிகளில்தான் வளரும். ஆகவே ஆமோஸ் மலை இறங்கி ஏறி, சந்தை பார்த்து, விலை பேசிப் பழகிய மனிதர். மரக்கால் குறைந்ததைக் கண்டுபிடிக்க அவருக்குத் தரிசனமே தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் போன இடம் அவருடைய தேசமே அல்ல. எல்லை கடந்து, வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் வழிபாட்டு நகரமான பெத்தேலுக்குப் போனார். அங்கே இரண்டாம் யெரொபெயாம் ராஜா, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பாதி. 41 ஆண்டு ஆட்சி. ஆமாத்தின் எல்லையிலிருந்து சமனான வெளியின் கடல்வரை இழந்த நிலத்தை எல்லாம் மீட்டவர் என்று 2 இராஜாக்கள் 14:25 சொல்கிறது. அதை முன்கூட்டிச் சொன்னவர் அமித்தாயின் குமாரன் யோனா. வெற்றி, செல்வம், சாதகமான தீர்க்கதரிசனம் எல்லாமே கையில் இருந்த காலம். அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவில் 1910இல் கிடைத்த மை எழுத்து ஓடுகளில் எந்த ஊரிலிருந்து எவருக்குப் பழைய திராட்சரசம் வந்தது, எவருக்குச் சுத்த எண்ணெய் வந்தது என்று கணக்கு இருக்கிறது. 1930களின் அகழ்வில் செதுக்கிய தந்தத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. தந்தக் கட்டில், பாத்திரம் பாத்திரமாகத் திராட்சரசம், உயர்ந்த எண்ணெய் என்று 6ஆம் அதிகாரம் திட்டுவதைக் கவிதை மிகை என்று சொல்ல முடியாது. தரையடியில் சாட்சி இருக்கிறது.

இனி அவர் பேச்சை எப்படித் தொடங்கினார் என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு அதிகாரங்கள் ஒரு பொறி. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள எதிரிகளை ஒவ்வொருவராக இழுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்ற அதே வாய்ப்பாடு. தமஸ்கு கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்தது. காசா ஊரையே சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றது. அம்மோன் எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளைக் கீறியது. கேட்பவர்கள் தலையாட்டியிருப்பார்கள், "ஆமென்" சத்தம் கூடியிருக்கும். ஏழாவதாகச் சொந்தத் தேசமான யூதாவையே இழுக்கிறார். வடக்கத்தியருக்கு அது இன்னும் இனிப்பு. எட்டாவது இஸ்ரவேல். அதுவரை மற்றவர் கழுத்தைச் சுற்றிய கயிறு இப்போது கேட்பவர் கழுத்தில்.

இதில் மோவாப் விஷயம் பலரும் கவனிக்காதது. மோவாப் செய்த குற்றம் ஏதோமின் ராஜாவுடைய எலும்பைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இஸ்ரவேலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு அந்நியன் இன்னொரு அந்நியனுக்குச் செய்த அவமானம். அதையும் கர்த்தர் கணக்கில் வைக்கிறார் என்றால் நம்மவர், பிறர் என்ற பிரிவினை நியாயத்தீர்ப்பில் செல்லாது என்று பொருள். 3:2 இதைவிடக் கடுமை: உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், "ஆகையால்" உங்களைத் தண்டிப்பேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்த காதில் அந்த ஒரு "ஆகையால்" இடியாக இறங்கியிருக்கும். எதிர் மதத்தாரையோ எதிர் நாட்டையோ அடிக்க ஆமோஸை எடுக்கிறவர்கள் முதல் ஆறு தேசத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு கூடைப் பழம் காட்டப்படுகிறது. "பழுத்த பழங்களுள்ள ஒரு கூடை" என்கிறார் ஆமோஸ். உடனே "முடிவு வந்தது" என்கிறார் கர்த்தர். தமிழில் வாசித்தால் பழத்துக்கும் முடிவுக்கும் என்ன தொடர்பு என்று விளங்காது. எபிரெயத்தில் கோடைப்பழம் "கயித்ஸ்", முடிவு "கேத்ஸ்". சிலேடை. இன்னும் நுணுக்கம் ஒன்று உண்டு. வடக்கு ராஜ்யத்தார் பேச்சில் "அயி" என்ற ஒலி "ஏ" என்று சுருங்கும். தெற்கில் "யயின்" என்று எழுதிய திராட்சரசத்தைச் சமாரியா ஓடுகளில் "யேன்" என்று படிக்கும்படி ஓர் எழுத்துக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். 1908இல் கேசேர் என்ற பழைய ஊரில் கிடைத்த நாட்காட்டியும் ஆண்டின் கடைசி மாதமான கோடைப்பழ மாதத்தை இதே சுருங்கிய எழுத்தில்தான் குறிக்கிறது. ஆகவே தெற்கத்திக்காரர் ஆமோஸ் "கயித்ஸ்" என்று சொன்னது பெத்தேல்காரர் வாயில் "கேத்ஸ்" ஆகிவிடும். கூடையைப் பார்த்து அவர்கள் தங்கள் வழக்கில் "பழம்" என்றாலே "முடிவு" என்று சொன்னதுபோல் கேட்டிருக்கும். அறுவடை முடிந்த மகிழ்ச்சியின் கடைசிக் கூடையே தீர்ப்பாகிறது.

தீர்க்கதரிசனம் எப்படித் திரிந்துபோகிறது என்பதற்கு இந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. 7:9இல் கர்த்தர் சொன்னது: யெரொபெயாம் வீட்டாருக்கு விரோதமாய்ப் பட்டயத்தோடே எழும்பிவருவேன். அடுத்த வசனத்திலேயே பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ராஜாவுக்குச் செய்தி அனுப்புகிறான்: யெரொபெயாம் பட்டயத்தினால் சாவான் என்று ஆமோஸ் சொல்லுகிறான். "வீட்டார்" என்ற ஒரு சொல் போய்விட்டது. வம்சத்தைப் பற்றிய எச்சரிக்கை ராஜத்துரோக வழக்காகிவிட்டது. நடந்தது என்ன? யெரொபெயாம் இயல்பாகவே இறந்தான். மகன் சகரியா ஆறு மாதம் ஆண்டான், சல்லூம் அவனை வெட்டிக் கொன்றான். வம்சம் அத்தோடு முடிந்தது. அமத்சியாவின் மேற்கோளை வைத்துப் பார்த்தால் ஆமோஸ் பொய்த் தீர்க்கதரிசி. ஆமோஸின் சொல்லை வைத்துப் பார்த்தால் சொன்னபடியே நடந்தது. வாட்ஸ்அப்பில் வரும் "தீர்க்கதரிசன நிறைவேறுதல்" செய்திகளில் பாதி அமத்சியாவின் வேலை; வசனத்தைத் திறந்து ஒரு சொல்லையும் விடாமல் ஒப்பிட்டால் அதுவே பெரும்பாலானவற்றை உதிர்த்துவிடும்.

அமத்சியா இன்னொன்றும் சொன்னான்: இங்கே பேசாதே, "அது ராஜாவின் பரிசுத்த ஸ்தலமும் ராஜ்யத்தின் அரமனையுமாயிருக்கிறது". தேவனுடைய ஸ்தலம் என்று சொல்ல அவன் வாய் வரவில்லை. உண்மையை உளறிவிட்டான்.

வேறு சில வசனங்களும் வழக்கமாகவே தவறிப்போகின்றன. 3:12இல் சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் இரண்டு கால்களையாவது ஒரு காதின் துண்டையாவது தப்புவிப்பதுபோல என்று வருகிறது. கடைசி நேரத்திலாவது கர்த்தர் காப்பாற்றுவார் என்று இதை ஆறுதலாகப் பிரசங்கிப்பது உண்டு. யாத்திராகமம் 22:13ஐப் பக்கத்தில் வைத்தால் பொருள் தலைகீழாகும். மந்தையில் ஓர் ஆடு பீறுண்டுபோனால் மேய்ப்பன் அதற்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. காதுத் துண்டு என்பது ஆடு செத்ததற்கான ரசீது. மந்தைக்காரர் ஆமோஸ் தொழில் தெரிந்துதான் பேசுகிறார்.

கர்த்தருடைய நாளும் அப்படித்தான். மக்கள் அதற்காக ஏங்கினார்கள். எதிரிகள் ஒழியும் நாள் என்று நினைத்தார்கள். 5:19 சொல்கிறது: சிங்கத்துக்குத் தப்பினவனுக்குக் கரடி எதிர்ப்பட்டது, வீட்டுக்குள் ஓடிச் சுவரில் கைவைத்தான், பாம்பு கடித்தது. வீடு பத்திரம் என்று நினைக்கிற இடத்தில்தான் கடி.

பூமியதிர்ச்சிக்கு வருவோம். ஆமோஸ் பேசியது பூமி அதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் என்று 1:1 சொல்கிறது. காலத்தை ராஜாக்கள் பெயரோடு நிலநடுக்கத்தையும் வைத்துக் குறிக்கும் அளவுக்கு அது பெரியது. நூற்றாண்டுகளுக்குப் பிறகு சகரியா 14:5 கூட யூதாவின் ராஜா உசியாவின் நாட்களில் பூமியதிர்ச்சிக்கு ஓடினதை நினைவூட்டுகிறது. வடக்கே ஆத்சோர் என்ற பழைய நகரில் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் தோண்டியபோது 6ஆம் அடுக்கில் சாய்ந்த சுவர்களும் விழுந்த கூரைகளும் கிடைத்தன. அதை இந்த அதிர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: அதிர்ச்சி வந்த பிறகு "பார்த்தீர்களா, இது உங்கள் பாவத்துக்கு" என்று ஆமோஸ் பேசியதாக ஒரு வரியும் இல்லை. அவர் முன்னால் பேசினார், குற்றத்தைப் பெயர் சொல்லிப் பேசினார், பலம் உள்ளவர்களிடம் பேசினார். பேரிடர் முடிந்து மூன்றாம் நாள் பிணம் அடக்கம் ஆகும் முன்னே, குடிசை இழந்தவர்களை நோக்கி விரல் நீட்டுகிற பிரசங்கத்துக்கு இந்த மூன்றுமே கிடையாது. அதற்கு ஆமோஸைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

தூக்குநூலைப் பற்றி இப்போது. 7:7இல் கர்த்தர் மதிலின்மேல் நிற்கிறார், கையில் தூக்குநூல். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அங்குள்ள "அனாக்" என்ற எபிரெயச் சொல் வேதாகமம் முழுவதிலும் 7:7, 8 ஆகிய இந்த இரண்டு வசனங்களில் மட்டும்தான் வருகிறது. பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழியில் அதன் உறவுச் சொல்லுக்குத் தகரம் என்று பொருள். ஆகவே தகர மதில் என்று வாசிப்பவர்களும் உண்டு. தூக்குநூல் என்பது நீண்ட மொழிபெயர்ப்பு மரபு. ஏசாயா 28:17, 2 இராஜாக்கள் 21:13 ஆகிய இடங்களில் தூக்குநூல் சந்தேகமில்லாமல் நியாயத்தீர்ப்பின் கருவியாக வருவதால் அந்த மரபு ஆதாரமற்றதும் அல்ல.

கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு உவமை தானே விளங்கும். நூலின் மேலே ஒரு சிறு கட்டை, கீழே குண்டு; கட்டையின் அகலமும் குண்டின் தடிமனும் ஒன்றாக இருக்கும். கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். குண்டு சுவரை மெல்லத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். விலகித் தொங்கினால் உச்சி வெளியே தள்ளியிருக்கிறது. சுவரில் சாய்ந்து படுத்தால் அடி வெளியே தள்ளியிருக்கிறது. சுவரை நிமிர்த்தும் வேலை குண்டினுடையதல்ல. அது தள்ளவும் தள்ளாது. நேர் தப்பிய சுவரில் பூச்சை ஒரு பக்கம் தடிப்பாக அடித்துக் கண்ணுக்கு நேராகக் காட்டலாம். எசேக்கியேல் 13 சாரமில்லாத சாந்தென்று இதைத்தான் கேலி செய்கிறது. உண்மையான வழி ஒன்றுதான்: எந்த வரியில் நேர் தப்பியதோ அதுவரை பிரித்து, அங்கிருந்து மறுபடி கட்டுவது. முதலிலேயே குண்டு பிடித்தால் இரண்டு வரி பிரித்தால் போதும். கூரை போட்ட பிறகு பிடித்தால் வீடு.

தூக்குநூலுக்கு முன் நடந்த இரண்டு தரிசனங்களை விட்டுவிட்டால் புத்தகம் இருண்டுபோகும். வெட்டுக்கிளி வந்தது, "யாக்கோபு திரும்ப யாராலே எழுந்திருப்பான், அவன் சிறுத்துப்போனான்" என்ற வகையில் ஆமோஸ் மன்றாடினார், கர்த்தர் மனம் மாறினார், அப்படி ஆவதில்லை என்றார். அக்கினி வந்தது, மறுபடி மன்றாட்டு, மறுபடி அப்படி ஆவதில்லை. மூன்றாவதில்தான் "இனி அவர்களை மன்னிக்கமாட்டேன்". நியாயத்தீர்ப்பு வாக்கு என்பது மாற்ற முடியாத ரயில் அட்டவணை அல்ல. எரேமியா 18:7, 8 இதைச் சட்டம்போலவே எழுதிவைத்திருக்கிறது. ஒரு தேசம் தன் தீங்கைவிட்டுத் திரும்பினால் சொன்ன தீங்கைச் செய்யாமல் மனம் மாறுவேன். யோனாவின் எச்சரிக்கையைக் கேட்டு மனந்திரும்பித் தப்பிய நினிவே நகரத்தின் கதையும் அதுதான். ஆமோஸ் 5:15இல் "ஒருவேளை" என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். தேதி குறிக்கிறவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது.

இஸ்ரவேல் திரும்பவில்லை. கி.மு. 745இல் அசீரியப் பேரரசில் மூன்றாம் திக்லாத்பிலேசர் அரியணை ஏறினான். 732 வாக்கில் கலிலேயாவும் கீலேயாத்தும் போயின. 722இல் சமாரியா விழுந்தது. 27,000க்கும் மேற்பட்டவர்களைச் சிறைகொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டில் பெருமையடிக்கிறான். ஆமோஸ் பேசி ஏறக்குறைய 40 ஆண்டு. மரக்காலைக் குறைத்த கடைக்காரனில் பலர் அதற்குள் கட்டிலிலேயே செத்திருப்பார்கள். கணக்கைக் கட்டியது பேரப்பிள்ளைகளும், அதே கடையில் ஏமாந்தவர்களின் பேரப்பிள்ளைகளும். இந்த இடம் சுலபமாக ஜீரணமாவதில்லை; ஆகவும் கூடாது.

இந்தப் புத்தகத்தைப் படிப்பதற்கு உருப்படியான முறை ஒன்று உண்டு. ஒன்பது அதிகாரம், 146 வசனம். ஒரே உட்காரலில் சத்தமாக வாசித்தால் அரைமணி நேரத்துக்குள் முடியும். துண்டு துண்டாகப் படித்தால் அந்த எட்டுத் தேசப் பொறி வேலை செய்யாது. இரண்டாம் முறை ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யாருக்குச் சொல்லப்பட்டது, என்ன குற்றம், என்ன விளைவு. "ஆகையால்" வரும் இடமெல்லாம் கோடிடுங்கள். குற்றமும் விளைவும் இணையும் கீல் அதுதான். 5:11ஐப் பாருங்கள்: ஏழையின் தானியத்தைப் பிடுங்கிக் கட்டின வீட்டில் குடியிருக்கமாட்டாய். பிறகு 2 இராஜாக்கள் 14:23 முதல் 17ஆம் அதிகாரம்வரை வாசித்து எது எப்போது நடந்தது என்று எதிரே எழுதுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே இன்றைக்கு என்ன என்று கேட்க வேண்டும். அப்போதும் இன்றைய தமஸ்கு எது, இன்றைய அசீரியா எது என்று வரைபடத்தில் தேடினால் வழி தப்பும். நடுப்பத்தியில் இருக்கும் குற்றத்துக்கு இன்றைய பெயர் என்ன என்று தேட வேண்டும்.

தேடினால் தூரம் போக வேண்டாம். கடை வைத்திருக்கிற விசுவாசிக்கு ஆமோஸ் 8:5 மிக நேரடியான வசனம். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்க்கிறது. முத்திரை இருந்தாலும் தட்டில் எதுவும் வைக்காதபோது பூஜ்ஜியம் காட்டுகிறதா, பாத்திரத்தின் எடை கழிந்ததா என்று வாடிக்கையாளர் பார்க்கும்படி திரை திரும்பியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை வைத்து யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்வீட்டை அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுப்பது இன்னும் பலருக்குத் தவறாகவே படவில்லை. பெட்டி 60 கிராம், கிலோ 600 ரூபாய் என்றால் 36 ரூபாய்க்கு அட்டை விற்றாயிற்று. வாங்க ஒரு தராசு, விற்க ஒரு தராசு வைத்திருக்கும் கொள்முதல்காரருக்கு நீதிமொழிகள் 20:10 வேறு தனியாக இருக்கிறது.

ஆலயத்துக்கும் பங்கு உண்டு. 4:4, 5இல் ஆமோஸ் செய்கிற கேலியை நாம் சிரிக்காமல் வாசிப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். பெத்தேலுக்குப் போய்த் துரோகம்பண்ணுங்கள், தசமபாகம் செலுத்துங்கள், உற்சாகபலிகளைக் கூறித் தெரியப்படுத்துங்கள், இப்படிச் செய்வதுதானே உங்களுக்குப் பிரியம் என்கிறார். உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே மறைந்துபோன ட்யூப்லைட் நம் ஊரில் எல்லா மதத்தாருக்கும் பொதுச்சொத்து. பாட்டின் இரைச்சலை அகற்று என்று 5:23 சொல்லும்போது இசையின் தரம் குறையில்லை. அந்த வாரம் ஆலயக் கட்டட வேலைக்கு வந்த சித்தாளுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் போடாமல் "அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டு ஞாயிறு பாடினால் அதுதான் இரைச்சல். கூலிக்காரன் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 நேரத்தையே குறித்திருக்கிறது.

அடகும் இதே பட்டியலில் வருகிறது. 2:8இல் எல்லாப் பீடங்களண்டையிலும் அடைமானமாக வாங்கின வஸ்திரங்களின்மேல் படுத்துக்கொள்கிறார்கள். உபாகமம் 24:12, 13 ஏழையின் அடகு வஸ்திரத்தைச் சூரியன் அஸ்தமிக்கும்போது திரும்பக் கொடுக்கச் சொல்கிறது, அவன் இரவில் அதைப் போர்த்துப் படுக்க வேண்டும் என்பதால். இவர்கள் திரும்பக் கொடுக்காததோடு அதையே விரித்து ஆலயத்தில் சாய்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் ஏட்டளவில் மட்டும் இருந்ததா? 1960இல் மத்தியதரைக் கடலோரம் யவ்னேயாம் அருகே ஒரு சிறு கோட்டையில் மையெழுத்து ஓடு ஒன்று கிடைத்தது. ஆமோஸுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறுவடைக் கூலி ஒருவன் அதிகாரியிடம் கொடுத்த மனு. அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், எப்போதும்போலத்தான் செய்தேன் என்று முறையிடுகிறான். வேலை முடிந்த நேரத்தில் சோபாயின் மகன் ஓசாயா வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்விட்டான். என்னோடு வெயிலில் அறுத்த என் சகோதரர்கள் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். நான் குற்றமற்றவன், என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச்சொல்லுங்கள். கீழ்ப்பகுதி உடைந்திருக்கிறது. அதிகாரி என்ன சொன்னார் என்பது ஓட்டில் இல்லை.